சூடம் அணைத்த கை

சங்கரன்கோவில்
10.3.2025

தம்பி இசக்கித்துரைக்கு அக்கா வள்ளித்தாய் எழுதுதேன். எழுந்து நடமாடுற அளவுக்கு இருக்கேன். நீயும் உன் வீட்டுக்காரியும் மக செல்வியும் நல்லா இருப்பீங்கன்னு நெனைக்கேன்.

கவர் மேல என் கையெழுத்தப் பாத்ததும் உனக்குப் பக்குன்னு இருந்திருக்கும். ரெண்டு வருஷம் அஞ்சு மாசம் ஆச்சு. ஐப்பசித் திருக்கல்யாணத்தன்னைக்கு கோமதி அம்மன் சன்னதில சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாக்க, எரியிற சூடத்த உள்ளங்கையால அணைச்சு, "என் பிள்ளைக்குப் பொண்ணு தரமாட்டேன்னு சொன்ன இவன்கூட இனி ஒரு வார்த்தை பேசினா என் பிள்ளை எனக்கு இல்ல"ன்னு சத்தியம் பண்ணினவ நான். அதுல மாத்தம் கெடையாது. ஆனா ஒரு வாரமா யோசிச்சுப் பாத்தேன். சத்தியம் பேச்சுக்குத்தான், எழுத்துக்கு இல்ல. அதான் எழுதுதேன். ரொம்பச் சந்தோஷப்படாத.

மார்கழில இருந்தே நெஞ்சு சரியில்ல. நம்ம தெருவுல தறியெல்லாம் ஒரே சீரா ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் கொறைஞ்சா தடுமாறி அடிக்கும்லா, அது மாதிரி அடிக்கு. திடீர்னு ஓடுது, திடீர்னு தயங்குது. மாடிக்கு ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. இங்கன டாக்டர் ஈசிஜி எடுத்து "ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்"னு எழுதித் தந்தாரு. அது வாயில நுழையல. அவரு சொன்னதும் மண்டையில ஏறல. நீ கோயம்புத்தூர்ல நெஞ்சுக்குள்ள ஒயர் விடுற ரூம்ல இருபது வருஷமா டெக்னீஷியனா இருக்க. அதனால அந்தச் சீட்ட ஜெராக்ஸ் எடுத்து இதோட வச்சிருக்கேன். பாத்துச் சொல்லு.

என் பிள்ளை வெங்கடேஷுக்குத் தெரிய வேண்டாம். சார்ஜாவுல புது வேலைல சேந்து மூணு மாசந்தான் ஆகுது, பிள்ள பயந்துருவான். பக்கத்து வீட்டு டெய்லர் ரசீதாவோட போனுக்கும் எதையும் அனுப்பாத, என் நோக்காடு ஊருக்கெல்லாம் தெரியணும்னு இல்ல. எனக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேன். எழுது.

அக்கா
வள்ளித்தாய்


கோயம்புத்தூர்
15.3.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி துரை எழுதுறது. நாங்க எல்லாரும் இருக்கோம். உன் கடுதாசி வந்த அன்னைக்கு நான் சோறு திங்கல. சந்தோஷமா பயமான்னு எனக்கே தெரியல.

எழுத்துக்கு இல்லன்னு கண்டுபிடிச்ச பாரு, அங்கதான் நீ நிக்க. சத்துணவு அமைப்பாளரா முப்பது வருஷம் மேலநீலிதநல்லூர்ல பிள்ளைங்களுக்கு முட்டைக் கணக்கு எழுதின மூளை, வீண் போகுமா?

சீட்டப் பாத்தேன். இதை நான் தெனமும் பாக்கேன், ஆனா அதுல உன் பேரைப் பாத்ததும் ரெண்டு தடவ படிச்சேன். சொல்லுதேன் கேளு. இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. நுரையீரல்ல இருந்து நல்ல ரத்தம் நாலு குழாய் வழியா இடது பக்கத்து மேல் அறைக்கு வரும். அந்தக் குழாய் வந்து சேர்ற வாய்ப்பக்கத்துல வேண்டாத கரண்ட் பொறி கெளம்பும். ஒண்ணு ரெண்டு இல்ல, நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல. அப்போ மேல் அறை சுருங்கி விரியாம சும்மா துடிச்சுக்கிட்டே கெடக்கும். அதுதான் உனக்குத் தடுமாறுது.

துடிப்பு மட்டும்னா போட்டும்னு விடலாம். மேல் அறை சுருங்கலேன்னா ரத்தம் அங்கனயே தேங்கும். அந்த அறையில காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு, அதுல தேங்கின ரத்தம் கட்டியாகும். கட்டி கெளம்பி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். எனக்கு அந்தப் பயம்தான். அதனால ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எழுதச் சொல்லி உங்க டாக்டர்கிட்ட கேளு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இன்னைக்கே ஆரம்பி.

ஏன் வந்துதுன்னு கேப்ப. பிரஷர், வயசு, தைராய்டு, சின்ன வயசுக் காய்ச்சல்ல வால்வு கெட்டிருந்தா அது. உனக்குப் பிரஷர்தான்னு நெனைக்கேன். மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுதியா?

பதில் போடு அக்கா.
துரை


சங்கரன்கோவில்
2.4.2025

தம்பிக்கு. வெயில் இப்பவே பொளக்கு. உனக்கு அங்கன குளுகுளுன்னு இருக்கும்.

பிரஷர் மாத்திரை ரெண்டு வருஷமா போடல. தலை சுத்தாத அன்னைக்கு எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன். திட்டாத, இப்பப் போடுதேன். நீ சொன்ன ரத்த மாத்திரையும் போடுதேன். அதுல ஒரு தொந்தரவு. காய் அரியும்போது விரல்ல லேசாப் பட்டா, பொழுது சாயுற வரை கசியுது.

நீ காரணம் நாலு சொன்ன. நான் அஞ்சாவது சொல்லட்டா? என் மகன் கல்யாணத்துக்கு நீ வரல. என் தம்பி வராத கல்யாணத்துல, மாமன் வரலையான்னு கேட்டவங்களுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம்தான் முத முதல்ல லேசா நெஞ்சு தடுமாறிச்சு, மார்கழிலதான் அது கூடிச்சு. உங்க ஆஸ்பத்திரி டாக்டர் இதுக்கு என்ன பேரு வச்சிருக்காருன்னு கேட்டுச் சொல்லு.

போன வெள்ளிக்கிழமை பூ மார்க்கெட்ல மயங்கி விழுந்துட்டேன். ரசீதாவோட புருஷன் பீர் மைதீன் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தான். கோயில் புத்துமண்ண நெஞ்சுல பூசினேன், ஒரு நாள் நல்லா இருந்துது. திருநெல்வேலி டாக்டர் "உள்ள சூடு வச்சுச் சரி பண்ணலாம்"னு சொன்னாரு. நெஞ்சுக்குள்ள எப்படிலே சூடு வைப்பாங்க? நான் என்ன கன்னுக்குட்டியா?

வள்ளித்தாய்


கோயம்புத்தூர்
7.4.2025

அக்காவுக்கு. மயங்கி விழுந்தேன்னு நாலாவது பத்தில எழுதியிருக்க. முதல் வரியா எழுத வேண்டியது.

கல்யாணத்துக்கு நான் வந்தேன். மண்டபத்துக்கு எதிர்ல டீக்கடைல ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போனேன். இத்தனை நாள் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்.

சூடு வைக்கிறது இப்படித்தான். கத்தி வச்சுக் கிழிக்கிறதெல்லாம் இல்ல. தொடை இடுக்குல ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியா மெல்லிசான ஒயர அனுப்பி, இதயத்துக்கு ஏறி, நடுச்சுவர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு இடது மேல் அறைக்குப் போவாங்க. அந்த நாலு குழாய் வாயையும் சுத்திப் புள்ளி புள்ளியாச் சூடு வைப்பாங்க. சூடு பட்ட எடம் தழும்பாயிரும். தழும்பு வழியா கரண்ட் தாண்டாது. பொறி கெளம்பினாலும் குழாய்க்குள்ளயே அடங்கிரும். அதுக்குப் பேரு அப்லேஷன். மூணு மணி நேரம். தெனமும் நான் கம்ப்யூட்டர்ல படம் பாத்துக்கிட்டே புள்ளி வைக்க உதவி பண்ணுற வேலை அதுதான்.

எல்லாருக்கும் ஒரே தடவைல நிக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சிலருக்குத் திரும்ப வருது. ஆனா உனக்கு வந்து கொஞ்ச நாள்தான், மேல் அறை இன்னும் பெருசா வீங்கியிருக்காது, இப்பப் பண்ணினா நல்லது.

இங்க வா. எங்க பெரிய டாக்டர் பண்ணுவாரு. நான் உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன், நீயும் பேச வேண்டாம். வெங்கடேஷ் மேல ஆணை.

துரை


சங்கரன்கோவில்
23.6.2025

தம்பிக்கு அக்கா எழுதுதேன். பீர் மைதீனும் ரசீதாவும் கோயம்புத்தூர்ல இருந்து பத்திரமாக் கூட்டியாந்து சேத்துட்டாங்க. இடுக்குல கருநீலமாக் கன்னிப் போயிருக்கு, மத்தபடி நோவு இல்ல.

துரை, சூடு வச்சு ஆறு நாளா நெஞ்சு ஒழுங்கா அடிக்கு. விடியக்காலம் முழிப்பு வரும்போது கைய நெஞ்சுல வச்சு எண்ணிப் பாக்கேன். ஒண்ணு கூடத் தவறல. எனக்கு அழுகை வந்துட்டு.

நாலு நாள் ஒரே ஆஸ்பத்திரில கெடந்தும் ஒரு வார்த்தை பேசலையே நாம. நீ காலைல இட்லிய வச்சுட்டுத் திரும்பிப் போவ, நான் சுவரப் பாத்துப் படுத்திருப்பேன். அந்தக் கேரளத்து நர்சு பொண்ணு ரசீதாகிட்ட "இவங்க ரெண்டு பேரும் ஊமையா"ன்னு கேட்டாளாம். நீ முன்னந்தலையெல்லாம் நரைச்சுப் போயிட்ட. எண்ணெய் தேய்க்கிறது கெடையாதா? அதைச் சொல்லணும்னு நாலு நாளும் நாக்கு நுனி வரை வந்துது.

செல்வி புருஷன் வீட்டுல இருந்து வந்து பாத்தா. அவகிட்ட நல்லாத்தான் பேசினேன். அவ மேல சத்தியம் ஒண்ணும் இல்ல. மாசமா இருக்கேன்னு அவ சொல்லல, நடையிலயே தெரிஞ்சுக்கிட்டேன்.

உடம்பப் பாத்துக்கோ.
வள்ளித்தாய்


கோயம்புத்தூர்
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு. செல்விக்கு நாலு மாசம். நீ கண்டுபிடிச்சதச் சொன்னதும் அவ வெக்கப்பட்டா.

உனக்கு ஒரு ரகசியம் சொல்லட்டா? நீ பேசிட்ட. மயக்க மருந்து ஏற ஆரம்பிச்சதும் கண்ண மூடிக்கிட்டு "ஏலே துரை, அங்கன என்ன பண்ணுத, இங்கன வா"ன்னு சத்தமாச் சொன்ன. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தேன், மைக்ல தெளிவாக் கேட்டுது. எங்க டாக்டர் திரும்பி என்னப் பாத்துச் சிரிச்சாரு. அப்ப சத்தியம் போச்சுல்லா அக்கா? ஆத்தா கோமதி என்ன சொல்லப் போறாளோ! இனிமே போனே போடலாம், எதுக்கு ஸ்டாம்பு?

இது இருக்கட்டும். மாத்திரைய மறந்துராத. நெஞ்சு சரியா அடிக்கேன்னு நெனைச்சு விட்டுராத. உள்ள சூடு பட்ட எடம் ஆற மூணு மாசம் ஆகும், அந்தப் புண்ணு மேல ரத்தம் கட்டிக்கும். பாக்கப்போனா இப்பத்தான் அந்த மாத்திரை ரொம்ப அவசியம்.

சிரிச்சியா இல்லையான்னு எழுது.
துரை


சங்கரன்கோவில்
20.7.2025

தம்பிக்கு. பதில் போட மூணு வாரம் ஆயிட்டு. உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

நீ வெளையாட்டுக்கு எழுதின. எனக்கு வெளையாட்டா இல்ல. உன் கடுதாசி வந்த அன்னைக்குச் சாயங்காலமே வெங்கடேஷ் போன் பண்ணினான். நாலு நாளா காய்ச்சலாம், வேலைக்குப் போகலையாம், குரலே ஈனமா இருந்துது. இப்பச் சரியாயிட்டான். ஆனா நீ எழுதினதயும் அவன் குரலையும் ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா எனக்குத் தூக்கம் வரல. என் தலைல எதுவும் விழட்டும், அவன் தலைல விழக்கூடாது. மயக்கத்துல பேசினது கணக்குல வருமா வராதான்னு யாருகிட்டப் போய்க் கேக்க?

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரத்துல கொடியேறுது. கோயில்ல இப்பவே பிரகாரத்த நூத்தியெட்டுச் சுத்து சுத்துற கூட்டம். வெள்ளிக்கிழமை நானும் கொஞ்சம் நடந்தேன். வெறுங்கால்ல கல்லு சுடுது. குதிங்கால் பித்தவெடிப்பு விரிஞ்சு ரத்தம் வந்து, நான் நடந்த எடமெல்லாம் திட்டுத் திட்டாப் பட்டுட்டு. பின்னால வந்த ஒரு பொம்பள "ரத்தத்தோட சாமி பிரகாரத்துல நடக்கியே, அறிவில்லையா"ன்னு எல்லாரும் கேக்கக் கத்தினா. மஞ்சள் வச்சும் நிக்கல. வெளிய வந்துட்டேன்.

ஒண்ணு கேக்கணும். அந்த ரத்த மாத்திரைய ஒரு நேரம் விட்டா ஒண்ணும் ஆயிராதே?

வள்ளித்தாய்


கோயம்புத்தூர்
24.7.2025

அக்காவுக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதுல்லா, அது போதும். நான் கிறுக்கன், உன்கிட்ட அப்படி வெளையாடியிருக்கக் கூடாது. மயக்கத்துல பேசினதுக்கெல்லாம் கணக்கு கெடையாது. மனசப் போட்டு உழப்பாத.

மாத்திரை ஒரு நேரம் மறந்துட்டா ஒண்ணுமில்ல. ஞாபகம் வந்ததும் போட்டுக்கோ, அதுக்காக ரெண்டாச் சேத்துப் போடாத. பதறாத. எதுக்குக் கேக்க?

வெடிப்புக்குத் தேங்காண்ணெய் போட்டுத் துணி கட்டிக்கோ. சுத்தெல்லாம் வேண்டாம், அந்தக் கூட்டத்துல இடிபடாத. இங்க இந்த மாசம் டபுள் டூட்டி, ரெண்டு பேரு லீவு. வீட்டுக்கு வந்து விழத்தான் நேரம் இருக்கு. அதான் சின்னக் கடுதாசி.

துரை


சங்கரன்கோவில்
2.8.2025

தம்பிக்கு. எல்லாம் சுகம். கொடியேறி அஞ்சு நாள் ஆகுது, ஊரு நெறைய ஜனம்.

நீ எழுதினதப் படிச்சு மனசு லேசாச்சு. ஒண்ணுமில்லன்னு நீ சொன்னா அது ஒண்ணுமில்லதான், உனக்குத் தெரியாததா. குதிங்கால் இப்ப ரத்தமே இல்ல, நல்லாக் காஞ்சுட்டு.

எனக்கு ஒரு வேலை இருக்கு. தபசு அன்னைக்கு முடியும். முடிஞ்சதும் சொல்லுதேன். இனிமே உனக்கு ஸ்டாம்புச் செலவு இல்ல.

தலைக்கு எண்ணெய் தேயி.
வள்ளித்தாய்


கோயம்புத்தூர்
8.8.2025

அக்காவுக்கு. கோவத்தோடதான் எழுதுதேன். மன்னிச்சுக்கோ.

இன்னைக்குக் காலைல ஒன்பது இருபதுக்கு உன் நம்பர்ல இருந்து போன். கேஸ் ஆரம்பிக்கப் போற நேரம். எக்ஸ்ரே படாம இருக்க மாட்டுற ஈயக் கோட்ட மாட்டிக்கிட்டு இருந்தவன், உன் பேரப் பாத்ததும் கழட்டிப் போட்டுட்டு வராண்டாவுக்கு ஓடினேன். "அக்கா, அக்கா"ன்னு எத்தன தடவ கூப்பிட்டேன். நீ மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுது. ரெண்டு நிமிஷம் நின்னேன். உள்ள பேஷண்ட் டேபிள்ல கெடக்கான், டாக்டர் கூப்பிடுதாரு. சத்தியத்தையும் மீற மனசில்ல, போனையும் விட மனசில்லன்னு நீ வீம்பு பிடிக்கன்னு நெனச்சேன். நான்தான் கட் பண்ணினேன்.

வேலை முடிஞ்சதும் சொல்லுதேன்னு எழுதியிருந்த. இதுவா சொல்லுற லட்சணம்? பேசணும்னா பேசு, இல்லன்னா எழுது. ரெண்டுக்கும் நடுவுல நின்னு என்னை வதைக்காத. மத்தியானம் திருப்பிப் போட்டேன், நீ எடுக்கல. வழக்கம்தான்.

துரை


786

சங்கரன்கோவில்
29.8.2025

மரியாதைக்குரிய துரை அண்ணாச்சிக்கு, பக்கத்து வீட்டு ரசீதா எழுதுறது. நீங்களும் வீட்டுல உள்ளவங்களும் நலமா இருக்க துஆ செய்றேன்.

நீங்க திருநெல்வேலி ஆஸ்பத்திரில பத்து நாள் அக்காகூட இருந்தப்போ தெனமும் சோறு கொண்டாந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிரணும்னு வந்து, உங்க மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லாமத் திரும்பிருவேன். இப்பச் சாமான் எடுக்க நீங்க கோயம்புத்தூர் போயிருக்கீங்க. வாயால முடியல, அதான் எழுதிப் போடுறேன்.

உங்க எட்டாந்தேதிக் கடிதம் அக்கா ஆஸ்பத்திரில கெடக்கும்போது வந்துச்சு. பிரிக்காம வச்சிருக்கேன். அக்கா வீட்ட ஒதுங்க வைக்கும்போது மாத்திரை டப்பாவப் பாத்தேன். அந்த ரத்த மாத்திரை அட்டை கொடியேறின அன்னையில இருந்து பிரிக்கவே இல்ல. பதினோரு நாள். பிரஷர் மாத்திரை மட்டும் சரியாப் போட்டிருக்காங்க.

அக்கா என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாங்க. சத்தியத்த எறக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க அண்ணாச்சி. மயக்கத்துல பேசினதால பிள்ளைக்கு ஏதும் வந்துரக் கூடாது, உங்ககிட்டயும் பேசணும். ரெண்டுக்கும் ஒரே வழின்னு கோயில் வாசல்ல பூ விக்கிற முத்துமணி சொன்னாங்களாம். நூத்தியெட்டுச் சுத்து சுத்தி, சூடத்த எந்த எடத்துல அணைச்சாங்களோ அங்கயே திரும்ப ஏத்தி, அது தானா எரிஞ்சு அடங்குற வரைக்கும் நிக்கணும்னு. ஒரு சொட்டு ரத்தம் பிரகாரத்துல விழுந்தாலும் சுத்து செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. அதுக்காகத்தான் மாத்திரைய நிறுத்தியிருக்காங்க. "தம்பியே ஒண்ணுமில்லன்னு எழுதிட்டான் ரசீதா"ன்னு என்கிட்ட உங்க லெட்டரக் காட்டினாங்க. எனக்கு அதுல என்ன தெரியும்? நானும் தலையாட்டினேன்.

தபசு அன்னைக்குச் சாயங்காலம் சூடம் ஏத்திட்டு வந்தாங்க. அவ்வளவு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. "நாளைக்குக் காலைல அவனுக்குப் போன் போட்டு, ஏலே எண்ணெய் தேயின்னு திட்டணும், அதான் முதப் பேச்சு"ன்னாங்க. மறுநாள் நான் ஜம்பர் தைக்கிற அவசரத்துல எட்டிப் பாக்கல. சாயங்காலம் நாலு மணிக்குப் போய்க் கதவத் தட்டினேன். அடுக்களைல தரையில கெடந்தாங்க. வாய் கோணி, வலது கை செத்து, இடது கையில போன் இருந்துச்சு.

காலைல ஒன்பது மணிக்கு எடுத்த பாலு அடுப்புல பொங்கித் தீஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி. டாக்டர் நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா கட்டியக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்னு சொன்னாருல்லா. நான் ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம்.

என்னை மன்னிச்சிருங்க.
ரசீதா


சங்கரன்கோவில்
24.10.2025

அக்காவுக்கு.

இதுக்குத் தபால் தேவையில்ல. நீ கட்டில்ல உக்காந்திருக்க, நான் எதிர்ல ஸ்டூல்ல உக்காந்து எழுதுதேன். சுகமான்னு கேக்க வாய் வரல. உன் வலது கை தலகாணி மேல கெடக்கு. சூடத்த அணைச்சதும் அந்தக் கைதான், எனக்கு எழுதினதும் அந்தக் கைதான்.

நெஞ்சு இன்னைக்கும் ஒழுங்காத்தான் அடிக்கு. காலைல எண்ணிப் பாத்தேன். எங்க டாக்டர் ஈசிஜியப் பாத்துட்டு "அப்லேஷன் சக்சஸ்"னாரு. எனக்குச் சுவர்ல போய் முட்டிக்கிடலாம்னு இருந்துது.

வேலைய விட்டுட்டு வந்துட்டேன். இருபது வருஷம் அந்த ரூம்ல இருந்தவன். நடந்துக்கிட்டு இருந்தவங்க திடீர்னு பேச்சு வராம நின்னா அது பக்கவாதம்னு புதுசா வர்ற பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவன். என் அக்கா போன்ல ரெண்டு நிமிஷம் பேச்சு வராம நின்னா, அதை வீம்புன்னு நெனச்சேன். மணி ஒன்பது இருபது. அப்பவே ரசீதாவுக்கு ஒரு போன் போட்டிருந்தா பத்து மணிக்கெல்லாம் ஆட்டோவுல ஏத்தியிருப்பா. அவ என்கிட்ட மன்னிப்புக் கேக்கா.

ஒரு நேரம் விட்டா ஒண்ணுமில்லன்னு எழுதினதும் நான்தான். எதுக்குக் கேக்கன்னு கேட்டேன், நீ பதில் சொல்லல, நானும் விட்டுட்டேன். டபுள் டூட்டி.

இன்னொண்ணும் இருக்கு. செல்விய வெங்கடேஷுக்குத் தரமாட்டேன்னு சொன்னது நான் இல்ல. அவதான். அவளுக்கு வேற பையன் மேல மனசு இருந்துது. பொண்ணு வேண்டாங்கான்னு சொன்னா சொந்தத்துல அவளக் கிழிச்சிருவாங்கன்னு பழிய நான் ஏத்துக்கிட்டேன். உன்கிட்ட மட்டும் தனியாச் சொல்லியிருந்தா நீ சூடத்துல கையே வச்சிருக்க மாட்ட. மூணு வருஷம் இதைச் சொல்லாம வச்சிருந்தேன். நேத்து சத்தமாச் சொன்னேன். நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்த.

உன் வாய்ல இப்ப ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கு. "ஏலே." என்னப் பாத்து அதைச் சொல்லுத. பால்காரரப் பாத்தும் சொல்லுத, போன்ல வெங்கடேஷ் மூஞ்சியப் பாத்தும் சொல்லுத, சுத்துற ஃபேனப் பாத்தும் சொல்லுத. முத நாள் நீ சொன்னப்போ எனக்குத்தான்னு நெனச்சுக் காலப் பிடிச்சு அழுதேன். தலைக்குத் தெனமும் எண்ணெய் தேய்க்கேன் அக்கா. குனிஞ்சு காட்டுதேன், நீ பாக்க மாட்டேங்க.

திருக்கல்யாணத்துக்குக் கோயில்ல பந்தல் போடுதாங்க. அந்தச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கு.

எட்டாந்தேதிக் கடுதாசில நான் ஒண்ண மறைச்சுட்டேன். போன்ல மூச்சுச் சத்தம் மட்டும் இல்ல. கடைசில "ஏ... ஏ..."ன்னு ஒரு சத்தம் வந்துது. நான் அதக் கேட்டேன். கேட்டுட்டுத்தான், "பேச வாயில்லன்னா எதுக்குப் போன் போடுத"ன்னு கத்திட்டு வச்சேன்.

அதை நீ கேட்டியா? அதுக்கு முன்னாலயே உனக்கு நெனவு தப்பிட்டா? எனக்கு இது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும், வேற எதுவும் வேண்டாம்.

இப்ப பேனாவ வச்சுட்டு உன் பக்கத்துல வந்து கேட்டேன். அக்கா, நான் கத்தினது உன் காதுல விழுந்துதான்னு. நீ தலைய ஆட்டின. ஆமான்னு.

கொஞ்ச நேரம் கழிச்சு மாத்திக் கேட்டேன். விழலதானே அக்கான்னு.

அதுக்கும் ஆட்டின.

துரை